பெயர் சொல்லாத காணிக்கை

நந்தினி தோல் ஷாப்பு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்துவதைப் பார்த்ததும் நத்தானியேல் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான். அவன் ஆம்பூரில், ஷாப்பு என்று ஊரார் சொல்லும் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஃபினிஷிங் சூப்பர்வைசர். அவள் ராணிப்பேட்டையிலிருந்து ஒரு கெமிக்கல் கம்பெனியின் சாய மாதிரிகளைக் கொண்டுவந்து காட்டுகிறவள். பிப்ரவரியில் சென்னையில் நடந்த தோல் கண்காட்சிக்குப் போன இடத்தில் இருவரும் ஒரு ராத்திரியை ஒரே லாட்ஜ் அறையில் கழித்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிய கையோடு நம் ஆள் செய்த முதல் காரியம், அவளுடைய அழைப்பு வராமல் போனில் தடுத்து வைத்ததுதான். அதோடு அந்த ராத்திரியே நடக்கவில்லை என்று ஆகிவிட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு.

அவன் மனைவி ஜெனிஃபா, பள்ளிக்கூட டீச்சர், முதல் பிரசவம் முடிந்து நெமிலியில் தாய்வீட்டில் இருந்தாள். ஈஸ்டர் முடிந்ததும் குழந்தையோடு அவளை அழைத்து வருவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகப்பிள்ளை நெமிலிக்குப் போய்க் குழந்தையைக் கொஞ்சிவிட்டு, கூடத்தில் மாமனாரின் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்து எழுந்து வருவான். மாமனாரின் குறட்டை அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காவலாக இருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

நந்தினியை அவன் டிரம் ஓடுகிற கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். தோலைப் போட்டுப் புரட்டுகிற, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் மர டிரம்கள் அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும். பேசுவது இரண்டடி தள்ளி நிற்பவனுக்குக் கேட்காது. கல்யாணம் பண்ணிக்கொள் என்று கேட்க வந்திருக்கிறாள், இல்லாவிட்டால் ஊரைக் கூட்ட வந்திருக்கிறாள் என்று அவனாகவே முடிவுகட்டிக்கொண்டு, அவள் வாயைத் திறக்குமுன்பே எரிந்து விழுந்தான்.

"சண்ட போட வரல சார்," என்றாள் நந்தினி. முகம் வற்றி, ஆளே பாதியாகியிருந்தாள். "உங்களுக்கு எரிச்சல், சீழு எதனா இருக்குதா?"

நத்தானியேலுக்கு இருந்தது. சென்னையிலிருந்து வந்த நாலைந்து நாளிலேயே சிறுநீர் கழிக்கும்போது நெருப்பாக எரிந்தது. சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் சூடுதான். சப்ஜா விதை ஊறவைத்துக் குடித்தான், மோராகக் குடித்தான், எண்ணெய் தேய்த்துக் குளித்தான். சீழ் வர ஆரம்பித்ததும்தான் பயம் வந்தது. ஆம்பூரில் கேட்டால் மானம் போகுமென்று பேரணாம்பட்டுக்குப் பஸ் ஏறிப் போய், முகக்கவசம் மாட்டிக்கொண்டு, ஒரு மெடிக்கலில் மாத்திரை வாங்கினான். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று மீதி மாத்திரையைத் தூக்கிப் போட்டான். மார்ச்சில் அது திரும்ப வந்தது.

"எனக்கு வெட்டை நோய்ன்னு சொல்லிட்டாங்க," என்றாள் நந்தினி. "அடிவயித்து வலி தாங்காம ஆஸ்பத்திரில சேந்தேன். அதுவரைக்கும் என்கிட்ட இருக்குதுன்னு எனக்கே தெரியாது. என்கிட்டேந்துதான் உங்களுக்கு வந்திருக்கும். மெடிக்கல்ல குடுக்கற மாத்திரைக்கு இது கேக்கல சார். லேப்ல அந்தக் கிருமிய வளத்து, ஒவ்வொரு மருந்தா போட்டுப் பாத்தாங்க. ஊசி மட்டுந்தான் கேக்குது. உங்க வீட்ல வர்றாங்கன்னு சொன்னீங்களே, அதுக்குள்ள போய் போட்டுக்குங்க."

அந்த லாட்ஜ் அறையில் உட்கார்ந்துகொண்டு தன் குழந்தையின் போட்டோவைக் காட்டியவன் இவன்தான். ஜெனிஃபா ஈஸ்டருக்கு வருகிறாள் என்று சொன்னவனும் இவன்தான். அவன் மறந்துவிட்டான், அவள் மறக்கவில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு நத்தானியேல் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மெதுவாகப் பேசுங்கள். டிரம் சத்தத்தில் கத்தினாலே வெளியே கேட்காத இடத்தில்! நந்தினி ஆபீசுக்குள் போய்ச் சாய மாதிரிகளைக் காட்டி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

மறுநாளே வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். ஆண் டாக்டராகக் கிடைக்க வேண்டுமென்று ஜெபம் பண்ணிக்கொண்டே போனவனுக்கு, அவன் தங்கை வயதில் ஒரு பெண் டாக்டர் கிடைத்தார். அவர் அவனைத் திட்டவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. சீழை ஒரு குச்சியில் எடுத்து லேபுக்கு அனுப்பினார், இடுப்பில் ஊசி போடச் சொன்னார். ஊர் எது என்று கேட்டார்.

"ஆம்பூர்ல எறங்கினா எனக்கு அந்த வாடை தாங்காது," என்றார். "உங்களுக்குத் தெரியுதா? பழகிடுச்சி இல்ல? அதே மாதிரி இந்தக் கிருமிக்கு மாத்திரை பழகிடுச்சி. ஆளாளுக்கு மெடிக்கல்ல வாங்கிப் பாதி சாப்ட்டு விட்டதுல, ஒவ்வொரு மருந்தா அது பழகிக்கிட்டே வருது. இன்னைக்கு இந்த ஊசி கேக்குது. இதையும் பழகிடுச்சின்னா எங்க கையில பெருசா ஒண்ணும் இல்ல."

யாரோடும் சேரக் கூடாது, சொன்ன நாளில் திரும்ப வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். அப்படியே அவன் போனபோது, நந்தினி சொன்னதையே லேப் ரிப்போர்ட்டும் சொல்லியிருந்தது. அவன் விழுங்கிய மாத்திரை அந்தக் கிருமியை அசைக்கவே இல்லை. மனைவிக்குப் போயிருந்தால் அவளுக்குத் தெரியாமலே உள்ளே இருந்து, கர்ப்பப்பை வரைக்கும் புண்ணாக்கியிருக்கலாம் என்றார் டாக்டர். அவனிடம் யார் வந்து சொன்னது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்படி நேரில் தேடி வந்து சொல்கிறவர்களைத் தாம் அதிகம் பார்த்ததில்லை என்றார். மறுபடி பரிசோதித்ததில் கிருமி இல்லை.

திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும் வரைக்கும் நத்தானியேல் அழுதான். பக்கத்து சீட்டுக்காரர் வீட்டில் ஏதாவது துக்கமா என்று விசாரித்தார். துக்கமில்லை. ஜெனிஃபாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகப்போவதுமில்லை என்கிற நிம்மதி அவனால் தாங்க முடியாத அளவுக்கு இருந்தது. நெஞ்சு முழுக்க நன்றிதான். கண்ணை மூடினால் டிரம் பக்கத்தில் நின்ற அந்த வற்றிய முகம் வந்தது.

ஈஸ்டர் முடிந்து ஜெனிஃபா குழந்தையோடு வந்தாள். அவர்கள் சர்ச்சில் பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும் முதல் தடவை ஆராதனைக்கு வரும்போது கடவுளுக்கு நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பார்கள். போதகர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிப்பார். நத்தானியேல் இரண்டு கவர் கொடுத்தான். முதல் கவருக்கு, நத்தானியேல் ஜெனிஃபா குடும்பத்தார் குழந்தைக்காக என்று அறிவிப்பு வந்தது. அடுத்து, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், ஒரு சகோதரியால் கிடைத்த உதவிக்காக என்றார் போதகர்.

ஜெனிஃபா திரும்பிப் பார்த்தாள். புருஷன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான், தோள் குலுங்கியது. எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவளுக்கு இது போதாதா? வந்த நாளிலிருந்து அவன் கூடத்திலேயே படுப்பதையும் அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, யார் அந்தச் சகோதரி என்று கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். சென்னையைச் சொன்னான், பேரணாம்பட்டைச் சொன்னான், டிரம் கொட்டகையில் நந்தினி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான்.

ஜெனிஃபா கத்தவில்லை. பிசைந்த சோறு கையிலேயே காய்ந்தது. எழுந்து கை கழுவிவிட்டு, ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லி முழுக்கப் படித்தாள். அதன் பிறகு அவள் பேசியதெல்லாம் குழந்தையோடுதான். அறைக்குள் அழுவது கூடத்தில் இருந்தவனுக்குக் கேட்கும். போய்த் தேற்றுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்பது மட்டும் அவனுக்குப் புரிந்திருந்தது.

அந்த வாரம் போய், அடுத்த சனிக்கிழமை காலையில் அவன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அவளாக வந்து எதிரில் நின்றாள்.

"அந்தப் பொண்ணு இப்ப எப்டி இருக்குது?"

நத்தானியேல் நிமிர்ந்து பார்த்து, தெரியாது என்றான்.

"தெரியாதா? ஆஸ்பத்திரில கெடந்து எழுந்தவ, தன் மானம் போனாலும் பரவால்லன்னு உங்க ஷாப்பு வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போயிருக்கா. உங்களுக்காக வரல. எனக்காக வந்திருக்கா, என் மூஞ்சியக்கூட பாக்காதவ." ஜெனிஃபாவின் குரல் உயரவே இல்லை. "உங்கள நான் மன்னிக்கறனா இல்லையான்றத அப்பறம் பாத்துக்கலாம். கர்த்தருக்குக் கவர் போட்டீங்க. அவளுக்கு நன்றின்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

சொல்லவில்லை. பஸ்ஸில் அழுதான், சர்ச்சில் அழுதான், ஊசி போட்ட நர்ஸுக்குக்கூடக் கையெடுத்துக் கும்பிட்டான். அவளிடம் சொல்ல மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்த வெட்கம் இதுவரை பட்ட வெட்கத்தையெல்லாம் விடப் பெரிதாக இருந்தது. அங்கேயே நின்று போன் போட்டான்.

"சொல்லுங்க சார்," என்றாள் நந்தினி, சாயம் விற்கிற குரலில்.

"உடம்பு எப்டிங்க இருக்குது?"

சாயம் விற்கிற அந்தக் குரல் இறங்கியது. காய்ச்சல் விட்டுவிட்டது, வலி மட்டும் அவ்வப்போது வருகிறது, இன்னொரு ஸ்கேன் எடுத்துத்தான் சொல்வார்கள் என்று மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு, "உங்க வீட்ல நல்லா இருக்காங்களா சார்?" என்று கேட்டாள். அது பக்கத்தில் நின்ற ஜெனிஃபாவுக்கும் கேட்டது. ஜெனிஃபா கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"நான் ஜெனிஃபா பேசறேம்மா," என்றாள். "எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன். உன்னாலதான் நல்லா இருக்கேன்."

ஜெனிஃபா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைப் புருஷன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க."

அவன் சொன்னான்.