இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு கேள்வி

வந்திருந்தவர்கள்: நோஹெமி, பன்றி இறைச்சி ஆலையில் கத்தி பிடிப்பவள். டில்சியா, அவளுக்குப் பக்கத்து மேசைக்காரி, ஐந்து மாதக் குழந்தைக்குத் தாய், அன்று நோஹெமியைக் காரில் கூட்டிவந்தவள். நர்ஸ் காலீன். முகக்கவசத்தோடு பகல் ஷிப்ட் ஆட்கள் நாற்பது பேர். நாற்காலி துடைக்க நான்.

1

இந்தக் கதை ஒரு கத்தலில் பிறந்தது. 2021 ஏப்ரல், கனடாவின் மானிடோபாவில் எங்கள் ஊர் ஹாக்கி அரங்கில் தடுப்பூசி முகாம். முகக்கவசம், கண்ணாடித் தடுப்பு, இரண்டு மீட்டர் இடைவெளி. எதையும் கத்தித்தான் கேட்க வேண்டும். பெயரைக் கத்தினார்கள், பிறந்த தேதியைக் கத்தினார்கள். படிவத்தில் அடுத்த கேள்வி கர்ப்பமா, பாலூட்டுகிறீர்களா என்பது. காலீன் அதையும் கத்தினார்.

நோஹெமிக்குப் பதினொரு வாரம். கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: [ஆற்றில் பனிக்கட்டி உடையும் ஓசை கேட்டுக்கொண்டிருக்க, அவள் தன் அடிவயிற்றில் கையை] வேண்டாம். ஆறு நான்கு கிலோமீட்டர் தள்ளி. ஒன்றும் கேட்காது.

2

இரண்டாம் வரைவில் அவளை அழவைத்தேன். ஆலையில் இரவுத் துப்புரவு வேலையை மூன்றே மாதத்தில் விட்டவன் நான். எல்லோரும் என்னைப் போலவே உடைந்துபோவார்கள் என்று நினைத்துவிட்டேன். நோஹெமியிடம் வாசித்துக் காட்டினேன்.

"யாருண்ணே இந்த அழுமூஞ்சி?" என்றாள். "நான் அன்னைக்குக் கோவத்துல இருந்தேன். எழுதுறதுன்னா அதை எழுதுங்க."

3

"என்னது?" என்றாள் நோஹெமி. நன்றாகவே கேட்டிருந்தது. பதிலைத் தள்ளிப்போடத்தான் கேட்டாள்.

காலீன் இன்னும் உரக்க, "மாசமா இருக்கியாம்மா?"

"ஆமா."

நாற்பது தலைகள் திரும்பின. பின்னால் ஒருவர் கைதட்டத் தொடங்கி, மற்றவர்கள் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

"அடிப்பாவி!" என்றாள் டில்சியா. "தினம் பக்கத்துல நின்னு பன்னி வெட்டுறேன், எங்கிட்டகூட மூச்சு விடலையே!"

"உங்கிட்ட சொல்றதும் ரேடியோல சொல்றதும் ஒண்ணுதான், அக்கா."

காலீன் தாளைப் பார்த்தார். "டாக்டர்கிட்ட பேசிட்டு வரணும்னு போட்டிருக்கு. உங்க டாக்டர் யாரு?"

"எனக்கு டாக்டர் இல்ல."*

"இதுக்குத்தான் இல்லன்னு டிக் அடிக்கணும்கிறது," என்றாள் டில்சியா. "போன மாசம் நான் பால் குடுக்கலன்னுதான் எழுதினேன்."

காலீன் நிமிர்ந்தார். "எழுதிட்டு?"

"ஊசி போட்டீங்க. வீட்டுக்குப் போனதும் பயம் வந்திருச்சு. மூணு நாள் பாலைப் பீச்சி சிங்க்ல ஊத்தினேன்."

"அய்யோ, ஊத்தவே வேண்டியதில்லையே! உண்மையச் சொல்லியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

"உண்மையச் சொன்னா திருப்பி அனுப்புவீங்கன்னு ஆலையில சொன்னாங்க!"

[இங்கே ஒரு கட்டுரை எழுதி அழித்தேன். தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காமல் விட்டது, பிறகு முடிவை அவர்கள் தலையிலேயே கட்டியது, என்றெல்லாம். டில்சியாவின் சிங்க் அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டது.]

இதற்குள் வரிசை விவாதத்தில் இறங்கியிருந்தது. "போட்டுக்கோம்மா, என் தங்கச்சி எட்டாம் மாசத்துல போட்டா." "சும்மா இருய்யா, புள்ளையை வச்சா சோதனை பண்றது?" "ஆலையில காய்ச்சல் வந்து படுத்தா அது மட்டும் நல்லதா?"

நோஹெமி திரும்பி நின்றாள். "ரெண்டு தடவையும் என்ன சாப்பிட்டே, எதைத் தூக்கினேன்னு என்னைத்தான் கேட்டாங்க. இந்தத் தடவை என்ன ஆனாலும் இத்தனை பேரும் கேப்பீங்க. அப்படித்தானே?"

நான் துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தேன்.

* எங்கள் ஊரில் குடும்ப மருத்துவருக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்போம். விதி எழுதியவருக்கு மருத்துவர் இருந்திருப்பார்.

4

முடிவுகள். இரண்டு எழுதினேன்.

அ) அவள் போட்டுக்கொள்கிறாள். வாசித்தால் சுகாதாரத் துறைச் சுவரொட்டி.

ஆ) அவள் வீட்டுக்குப் போகிறாள். வாசித்தால் ஊசியை எதிர்ப்பவர்கள் அனுப்பும் வாட்ஸப் செய்தி.

குழந்தை நவம்பரில் பிறந்தது. பெண். என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதுதான் அவளுக்குப் பிடித்த விளையாட்டு. இதை இரண்டு கட்சிக்காரர்களும் சான்றாகத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு குழந்தை எதற்கும் சான்றாகாது. மாசமாக இருந்தபோது ஊசி போட்டுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களைப் பற்றிக் காலீன் பின்னாளில் காட்டிய கணக்குதான் சான்று. என்னைக் கேட்டால் போட்டுக்கொள் என்றுதான் சொல்வேன். என்னை யாரும் கேட்கவில்லை. நாற்பத்தோராவது குரல் அங்கே தேவைப்படவும் இல்லை.

5

காலீன் பேனாவை மூடினார். முதல் முறையாகக் கத்தாமல் பேசினார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"தப்பு என்மேலதான்மா. இதை இங்க வச்சுக் கேட்டிருக்கக் கூடாது. அஞ்சு மணி வரைக்கும் போன்ல ஒரு டாக்டர் இருக்காங்க. உள்ள வாங்க, எல்லாத்தையும் கேளுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

ஹாக்கிக்காரர்கள் உடை மாற்றும் அறையைக் காட்டினார். நோஹெமி பையை எடுத்துக்கொண்டாள். டில்சியாவும் எழுந்தாள்.

"நீ இரு, அக்கா."

"நான் வாயே திறக்க மாட்டேன்டி."

"முடியாது உன்னால."

டில்சியா சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். வாசகரே, நீங்களும் உட்காருங்கள். உள்ளே என்ன ஆனது என்று எனக்குத் தெரியும், அவளே சொன்னாள். அவள் வயிற்றைப் பற்றி ஒருமுறை ஊரறியக் கத்தியாகிவிட்டது. இரண்டாம் முறை அதை நான் செய்ய மாட்டேன்.

நோஹெமி உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. உள்பக்கமிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.