எரிந்த புல்லைத் தேடி வந்த மீன்கள்

ஏரியின் ஓரத்தில் பனிக்கட்டி இன்னும் முழுதாகக் கரையவில்லை. அதற்குள் ஷொர்தான் மீன்கள் வந்துவிட்டன. முழங்கால் ஆழத் தண்ணீரில், வாத்து அலகு போன்ற வாயோடு ஒரு பெரிய பெண்மீன். அதன் இருபுறமும் ஒட்டிக்கொண்டு இரண்டு சிறிய ஆண்மீன்கள். முட்டையிட அவை போன வருஷத்துக் காய்ந்த புல்லைத் தேடின. அங்கே கரிதான் கிடந்தது.

கொளுத்தியவள் உல்பிகே. மாட்டுக்கு இளம்புல் வரட்டுமென்று எல்லாரும் செய்வதுதான். நான்கு வருஷம் வறண்டு கிடந்த மேட்டில் இந்த வசந்தத்தில் ஆற்றுத் தண்ணீர் ஏறும் என்று யார் கண்டார்கள்?

"மீனோட தொட்டிலையே கொளுத்திட்டீங்களே, அண்ணி," என்றான் ஜரில்காப். இறந்துபோன அவள் கணவனின் தம்பி; ஊரில் மிஞ்சிய ஒரே மீனவன். "ஒட்டிக்கப் புல் இல்லேன்னா முட்டை சேத்துல விழுந்து அழுகிடும். ஏரியில இருக்கிறதே பத்துப் பன்னெண்டு ஷொர்தான். இந்த வருஷமும் குஞ்சு இல்லேன்னா நான் நகரத்துக்குப் போய்ச் செங்கல் சுமக்க வேண்டியதுதான்."

"செங்கல் சுமக்கிற முதுகா அது? வலையை இழுத்தாலே மூணு நாள் படுத்துக்குவே."

அவன் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உல்பிகே தொழுவத்தில் மிச்சமிருந்த உலர்புல்லையெல்லாம் இறக்கினாள்.

"மாடு எதைத் தின்னும்? உங்க தலைத்துணியையா?"

"அதுக்கு அல்லாஹ் வழிவிடுவான். நீ கயித்தைப் பிடி."

இருபது கட்டுகள். ஒவ்வொன்றிலும் கல் கட்டி, பிஸ்மில்லா சொல்லித் தண்ணீரில் கிடத்தினார்கள். மறுநாள் பெண்மீன் அவற்றின்மேல் உடம்பை உலுக்கியது. புல்லெங்கும் தேன்நிற மணிகள்.

ஏழாம் நாள் ஆற்றின் மேல்பக்கத்தில் எங்கோ மதகை மூடிவிட்டார்கள். யாரும் சொல்லியனுப்பவில்லை. விடிந்து பார்த்தபோது கட்டுகள் சேற்றில் கிடந்தன. வறண்ட காற்று அடித்துக்கொண்டிருந்தது. இருவரும் ஒவ்வொன்றையும் ஈரச் சாக்கில் சுற்றி ஆழமான மடுவுக்குச் சுமந்தார்கள். அங்கே பிரித்துப் பார்த்தால், பத்தொன்பதில் முட்டைகள் சோற்றுப்பருக்கைபோல் வெளுத்துச் செத்திருந்தன. கடைசிக் கட்டின் அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு கைப்பிடி மஞ்சள் மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள்.

"பொரிச்சு வந்தாலும் ஒண்ணை ஒண்ணு தின்னும்," என்றான் ஜரில்காப். "மிஞ்சுற நாலு வளர்ந்து முட்டை போட மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் தண்ணி இருக்குமா, அண்ணி?"

"நான்தானே எரிச்சேன்."

"மதகையும் நீங்களா மூடினீங்க?"

அவள் அந்தக் கடைசிக் கட்டை மட்டும் மடுவில் மெல்ல இறக்கினாள்.

மறுநாள் காலை லாரி வந்தது. அவன் தகரப்பெட்டியையும் படுக்கையையும் ஏற்றினான். வலையைக் காணோம்; விற்றிருப்பான் என்று நினைத்து அவள் கேட்கவில்லை. பொரித்த பவுர்சாக் ரொட்டியைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். "சாப்பிடாம தூங்காதே," என்றாள். லாரி புழுதியில் மறைந்தது.

அவள் மடுவுக்குப் போனாள். அந்த ஒற்றைக் கட்டைச் சுற்றி நான்கு கழிகள் நட்டு, மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடாதபடி வலை கட்டியிருந்தது. இரண்டு குளிர்காலம் அவன் தன் கையாலேயே பின்னிய வலை.

தண்ணீர் இன்னும் இரண்டு விரல் இறங்கியிருந்தது. உல்பிகே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கழிகளைப் பிடுங்கி, கட்டோடும் வலையோடும் எல்லாவற்றையும் இன்னும் கொஞ்சம் ஆழத்துக்கு நகர்த்தி நட்டாள். தொழுவத்தில் மாடு பசியில் கத்திக்கொண்டிருந்தது.