போய்ச் சேராத ஒன்பது நாள்

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாவது தடவையாகப் போன் வந்த பிறகுதான் சின்னவன் அலுவலகத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினான். முதல் இரண்டு தடவையும் "பாக்கறேன் சிஸ்டர்" என்றதோடு சரி. ஊருக்கெல்லாம் நெட் சரிசெய்து கொடுக்கிற மகாராஜா, பெற்றவள் வீட்டை எட்டிப் பார்க்க மட்டும் நேரம் இருக்காது.

"ஒம்பது நாளா உங்கம்மாவோட ரிப்போர்ட் வரல சார். நாளைக்கும் வரலன்னா அட்மிட் பண்ணித்தான் ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றாள் நர்ஸ்.

அம்மாவின் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்து ஆறு மாதம் ஆகிறது. அதன் ஒயரில் டாக்டருக்கு ஏதோ சந்தேகம். கட்டிலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு கருவி, துடிப்பையெல்லாம் குறித்து வைத்து வீட்டு வைஃபை வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். அது அனுப்பினால் அம்மா வீட்டில் இருக்கலாம். அனுப்பாவிட்டால் இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அம்மாவோ இன்னொரு தடவை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இந்தத் தடவை படுக்கப் போட்டால் திரும்பி வரமாட்டாள் என்று அவனுக்கும் உள்ளூரப் பயம்.

அம்மா கதவைத் திறந்தாள்.

"வழி ஞாபகம் இருந்துச்சா?"

"ஆரம்பிச்சிட்டியா? கருவியப் பாக்கத்தாம்மா வந்தேன்."

"அதானே, என்னைப் பாக்கவா வருவே!"

டீ போட்டுக் கொடுத்தாள். கோப்பையை வாங்கும்போது அவள் விரல் பட்டது. அப்போதுதான் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போலச் சில்லென்று இருந்தது.

"நீ குடிக்கல?"

"என்னமோ ஒரு வாரமா பசி, தாகம் எதுவுமே இல்லடா. நல்லதாப் போச்சு, வேலை மிச்சம்."

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. வைஃபை இருக்கிறது, நெட்டும் இருக்கிறது, ஆனால் போகவேண்டிய இடத்தின் முகவரி மட்டும் அதற்குக் கிடைக்கவில்லை. அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. இது அண்ணனின் பெட்டி செய்கிற வேலை.

அண்ணன் பெரியவன் காய்ச்சல் என்று படுத்து, எழுந்திருக்காமலே போய் இரண்டு வருடம் ஆகிறது. போவதற்கு முன்பு அம்மா வீட்டுக்கென்று ஒரு டிஎன்எஸ் பெட்டி அமைத்து டிவிக்குப் பின்னால் வைத்திருந்தான். வீட்டிலுள்ள எந்தச் சாதனமும் வெளியே ஒரு தளத்துக்குப் போகவேண்டுமானால், முதலில் இந்தப் பெட்டியிடம் பெயரைச் சொல்லி முகவரி கேட்க வேண்டும். தடைப்பட்டியலில் உள்ள பெயரென்றால் அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று பெட்டி சாதித்துவிடும். மினுக்கென்று எது தெரிந்தாலும் அம்மா அழுத்திவிடுவாள் என்பதற்காகச் செய்தது. ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் காரணம் எழுதி வைப்பது பெரியவனின் பழக்கம். 'சுத்தப் பொய்', 'அம்மா அழுத்திடும்', 'பல்லைக் காட்டுறான், நம்பாதே'. தன் லேப்டாப்பில் பட்டியலைத் திறந்து அதைப் படித்தபோது சின்னவனுக்குச் சிரிப்பு வந்தது.

பட்டியலின் கடைசி வரி ஆஸ்பத்திரித் தளத்தின் பெயர். சேர்த்தது ஒன்பது நாளுக்கு முன்பு, சாயங்காலம் நாலு பத்துக்கு. சேர்த்த சாதனம்: பெரியவன் போன். காரணம்: 'வேண்டாம்'.

அந்த போன் அம்மாவின் அலமாரியில் துணிக்கு அடியில் கிடக்கிறது. போய் எடுத்துப் பார்த்தான். பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்து செத்துக் கிடந்தது. பட்டியலின் பழைய காப்பி எதையாவது பெட்டி தானாக ஏற்றியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வரியை அழித்தான். கருவியை அணைத்து மறுபடி போட்டான். அப்போதும் சிவப்பு.

பட்டியலில் அந்த வரி மறுபடி இருந்தது. நேரம், ஒரு நிமிடத்துக்கு முன்பு. காரணம்: 'வேண்டாம்டா'.

சன்னல் வழியாக மத்தியான வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இருந்தும் அவனுக்கு முதுகு சிலிர்த்தது. எவனோ வெளியிலிருந்து உள்ளே புகுந்து விளையாடுகிறான் என்று நினைத்தான். நினைக்கத்தான் முடிந்தது, நம்ப முடியவில்லை. மறுபடி அழித்தான். அவன் கண்ணெதிரிலேயே வரி முளைத்தது.

'டேய், சொன்னா கேளு.'

பயந்து எழுந்து ஓடியிருக்க வேண்டியவன். ஆனால் அவனுக்குக் கோபம்தான் வந்தது. எந்தப் பள்ளிக்கூடம், எந்த வேலை, எந்தப் பெண் என்று ஆயுள் முழுக்க இவன் சொன்னதைத்தானே கேட்டோம்? செத்தும் இவனே பெரியவனா? அம்மாவைக் காப்பாற்றுகிற ஒரே வழியை அடைத்துக்கொண்டு இது என்ன அண்ணன்தனம்? பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றினான். பட்டியலைத் திருத்த அண்ணனின் போனுக்கு இருந்த அனுமதியை நீக்கினான். பிறகு நாலாவது தடவையாக வரியை அழித்தான்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வரி வரவில்லை. கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

அவனே நர்ஸுக்குப் போன் போட்டான்.

"வர ஆரம்பிச்சிடுச்சு சார்!" என்றாள். "பழசெல்லாம் வரிசையா வருது. ஒம்பது நாளும் வந்து முடிஞ்சதும் டாக்டருக்கு அனுப்பிடறேன்."

அடுக்களையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, மாடி வீட்டுக்காரி மருமகளோடு போட்ட சண்டையை ஒன்று விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "...அவ சும்மா இருப்பாளா? சாவியத் தூக்கி இவ முன்னாடி..."

"முதல் நாள் நல்லாத்தான் இருக்கு சார்... ஒரு நிமிஷம். சாயங்காலம் நாலு பத்துக்கு மேல துடிப்பே காணோமே. நேர்கோடா போகுது."

"ஒயர் கழண்டிருக்குமா சிஸ்டர்?"

"அப்படித்தான் இருக்கணும். ரெண்டாம் நாளும் அதேதான் வருது. மூணாம் நாளும்... அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

அப்போதுதான் அடுக்களையில் பேச்சு நின்றுபோயிருப்பதைக் கவனித்தான். குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போனைக் காதில் வைத்தபடியே போய்ப் பார்த்தான். அம்மா தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் பாதி திறந்திருந்தது. நீர் அவள் கைமேல் விழுந்துகொண்டிருந்தது, கை அசையவில்லை. கண்கள் அவன் பக்கம்தான் இருந்தன, ஆனால் அவனைப் பார்க்கவில்லை.

"அஞ்சாம் நாளும் கோடுதான் சார்," என்றது போன். "ஆறு வந்துட்டிருக்கு."

அண்ணன் எதைப் போய்ச் சேரவிடாமல் அடைத்து வைத்திருந்தான் என்பது அவனுக்கு அப்போது உறைத்தது. தலை தெறிக்க லேப்டாப்புக்கு ஓடினான். இரண்டு தடவை தப்பாக அடித்தான். மூன்றாவது தடவை அந்தப் பெயரை முழுசாக எழுதி, தடை என்ற பொத்தானை அழுத்தினான். கருவியை அணைத்துப் போட்டான். அது திரும்ப உயிர் பெற்று, தேடி, தேடி, கடைசியில் சிவப்பானது.

"...விட்டெறிஞ்சா பாரு, நேரா மீன்தொட்டியில போய் விழுந்துச்சு!" என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் சிரிப்புக் கேட்டது.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏழாம் நாளோட நின்னுடுச்சே சார்," என்றாள் நர்ஸ். "மீதி வரல."

"நெட் போயிடுச்சு சிஸ்டர்."

"அப்ப நாளைக்கு நேர்லயே கூட்டிட்டு வந்துடுங்க."

"கூட்டிட்டு வரேன்" என்று சொல்லி வைத்தான். வைத்த உடனே மறுபடி மணி அடித்தது. போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். "என்னடா, வேர்த்துக் கொட்டுது? சரி பண்ணிட்டியா இல்லையா?"

"இல்லம்மா."

"எத்தனை நாளாகும்?"

அவன் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தான்.

"தெரியலம்மா. நான் இங்கயே தங்கிடறேன்."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தங்குடா ராஜா" என்று அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.