ஓட்ட இரண்டு பேர் வேண்டும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு விற்பனை விளம்பரத்திலிருந்து வந்தது. பழைய கார்களின் படங்களைப் பார்த்துப் பொழுதைப் போக்குகிறவன் நான். வாங்க வக்கில்லாதவன் பார்ப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. அப்படி ஒரு நாள் கைபேசியில் சிவப்பு மஸ்டாங் ஒன்று வந்து நின்றது. 1969 மாடல், அமெரிக்காவில் செய்தது, இடது பக்க ஸ்டியரிங். இருக்குமிடம் கச்சிராயபாளையம். ஒரு கீறல் இல்லை, சீட்டில் ஒரு கிழிசல் இல்லை. கடைசி வரி இப்படி இருந்தது: ஓட்ட இரண்டு பேர் வேண்டும்.

நான் போன் போட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காரணம் தெரிந்திருக்கும், கதை போயிருக்கும். ஆகவே இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கோமுகி அணைக்குப் போகும் சாலையில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு சிவப்புக் குதிரை..."

வேண்டாம். காரைக் குதிரை என்று எழுதாத ஆள் பாக்கியில்லை.

இரண்டாவது: "சின்னராசுவின் அப்பா சென்னையில் ஏலத்தில் எடுத்த அந்தக் கார்..." அப்பாவைத் தொட்டால் தாத்தா வருவார், நிலம் வரும், பங்காளிச் சண்டை வரும். அவர் எடுத்தார், லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார், ஊர் கூடியது. அதோடு விடுகிறேன்.

மூன்றாவது முயற்சியில் கண்ணகியிடமிருந்து தொடங்குகிறேன். வண்டியை ஓட்டுவது அவர்தான்.

(முதல் பிரதியில் கண்ணகியை 'அவள்' என்றும் அவர் கணவர் சின்னராசுவை 'அவர்' என்றும் எழுதியிருந்தேன். மஸ்டாங் ஓட்டுகிற பெண்மணிக்கு மரியாதை குறைந்தால் எனக்கே நல்லதில்லை. திருத்திவிட்டேன்.)

3

சின்னராசுவும் ஓட்டிப் பார்த்தவர்தான். ஆனால் மற்ற வண்டிகளில் பழகிய கை அது. கியரைத் தேடி இடது கையை நீட்டுவார், கதவின் கைப்பிடி மாட்டும். கியர் மாற்றுவதாக நினைத்து ஒருமுறை கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, வரப்பில் போய் நின்றார். கண்ணகி அதற்கு முன் எந்த வண்டியும் தொட்டதில்லை. ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். கல்யாணமான வருஷமே கற்றுக்கொண்டார்.

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. நம் சாலையில் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டினால், முன்னால் போகிற கரும்பு டிராக்டரின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். எதிரே வருவது வலது சீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் சின்னராசு வலது சீட்டுக்கு வந்தார். முந்த வேண்டிய இடத்தில் கண்ணகி கேட்பார்: "இன்னா?"

அவர் சொல்வார்: "இரு." அல்லது: "போ."

போ என்றால் போவார். எட்டிப் பார்க்க மாட்டார், திரும்பக் கேட்க மாட்டார். வெள்ளிமலை ஏறும் வளைவுகளில் பஸ்காரர்களே ஹாரன் அடித்துத் தயங்கும் இடங்களில், இந்த ஒற்றைச் சொல்லை நம்பி அந்தச் சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு முந்திப் போகும். நாற்பது வருஷமாக ஒரு கீறல் இல்லை. கேட்பவர்களிடம் இருவரும் வண்டியைத்தான் புகழ்வார்கள். உள்ளுக்குள் ஒருவரையொருவர் நினைத்துத்தான் அத்தனை பெருமை.

4

இந்தப் பகுதியை எழுதத் தயங்கினேன். "சின்னராசுவின் கண்களில் மெல்ல இருள்..." என்று தொடங்கி அடித்துவிட்டேன். கண்ணில் அழுத்தம், போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான்.

சின்னராசு அதை வீட்டில் முழுதாகச் சொல்லவில்லை. கண்ணகியும் கேட்கவில்லை. "இன்னா?" என்று மட்டும் வழக்கம்போல் கேட்டார். அவர் "போ" என்றாலும் முந்தாமல், "என்ஜின் சூடா இருக்குதுங்க" என்று ஒரு சாக்குச் சொல்லி டிராக்டருக்குப் பின்னாலேயே ஊர்ந்தார். அத்தனை பெரிய என்ஜின் கரும்பின் காய்ந்த தோகை பறக்கும் தூசியில் முனகிக்கொண்டு போனது.

ஒரு நாள் அவர் "போ" என்றார். கண்ணகி போகவில்லை. அடுத்த நொடி எதிரே ஒரு பஸ் காற்றை அறைந்துகொண்டு கடந்தது. அந்தச் சத்தம் சின்னராசுவுக்குக் கேட்டது.

கொஞ்ச தூரம் போனபின் கேட்டார். "எத்தினி நாளா இப்டி ஓட்டிக்கினு இருக்கற?"

"ஆடியிலேர்ந்து."

"சொல்லியிருக்கலாம் இல்ல."

"சொன்னா நீங்க எறங்கிக்குவீங்க."

வீடு வந்து சேர்ந்ததும் சின்னராசு சொன்னார். "டிராக்டர் பின்னாடி போறதுக்கா இந்த வண்டி? ஓட்டத் தெரிஞ்சவங்க வூட்டுக்குப் போவட்டும்." மகள் நர்மதா விளம்பரம் எழுதினாள். கடைசி வரியை மட்டும் அவர் சொல்லச் சொல்ல எழுதினாள்.

5

வாங்க வந்தவர் இளஞ்செழியன், சென்னை. (இவரை முதலில் தடித்த சங்கிலி போட்ட அடாவடிக்காரராக எழுதினேன். அவரை மோசமாக்கினால்தான் இவர்கள் உயர்வார்கள் என்றால், இவர்கள் உயரம் அவ்வளவுதானா? சங்கிலியைக் கழற்றிவிட்டேன்.) அவர் நல்ல மனிதர். வண்டியைச் சுற்றி வந்து, பானட்டைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டார். கண்ணகிக்கு அதிலேயே அவரைப் பிடித்துவிட்டது.

"நான் எடுத்துக்கிறேம்மா. ஸ்டியரிங்கை மட்டும் வலது பக்கம் மாத்திடுவேன். ஒரு ஆளே ஓட்டிக்கலாம், கஷ்டமில்ல" என்றார்.

சின்னராசு கோபப்படவில்லை. "அப்ப அது வேற வண்டிங்க. அத்த நாங்க விக்கல."

"எனக்குப் பக்கத்துல உக்கார யாரும் இல்லீங்க, ஐயா."

கண்ணகி சாவியை எடுத்தார். "வாங்குறவங்க ஓட்டிப் பாப்பாங்க. நீங்க ஓட்ட வேணாம். வலது பக்கம் உக்காந்து பாருங்க. வண்டிய யார் வேணா ஓட்டலாம், சொல்லத்தான் ஆள் வேணும்."

வலது கதவைச் சின்னராசுவே திறந்துவிட்டார். பிறகு தடவித் தடவிப் பின்சீட்டுக்குள் நுழைந்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். வலது சீட்டில் வேறு ஒருவர் உட்காருவதைக் கண்ணகி ஒருநாளும் பார்த்ததில்லை. அழுகை வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததால் அடக்கிக்கொண்டார்.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று: இளஞ்செழியன் சரியாகச் சொல்கிறார், வண்டி சென்னைக்குப் போகிறது, வாசல் வெறிச்சென்று... (இதை எழுதும்போது எனக்கே பிடிக்கவில்லை.)

இரண்டு: அவர் வாயே திறக்கவில்லை, வண்டி விற்கவில்லை. பாதுகாப்பான முடிவு. கோழைத்தனமும்கூட.

மூன்று: பின்சீட்டிலிருந்து சின்னராசு காதால் கேட்டே சொல்லிவிடுகிறார். கைதட்டல் வாங்கும். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. தெரியாததைத் தெரியும் என்று இனி சொல்ல மாட்டார்.

ஆகவே நான் இளஞ்செழியனை மரியாதையாக இறக்கிவிட்டேன். அவர் அணைக்கட்டுப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். கோபமில்லை.

வலது சீட்டில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். ஆமாம், நீங்கள்தான். கண்ணாடி இறக்கியிருக்கிறது, வெல்லம் காய்ச்சும் வாசனை வருகிறது. முன்னால் கரும்பு டிராக்டர், சாலையை அடைத்துக்கொண்டு. பின்சீட்டில் சின்னராசு வாய் திறக்காமல் இருக்கிறார். எதிரே என்ன வருகிறதென்று கண்ணகிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் போ என்றால் அவர் போவார், எட்டிப் பார்க்க மாட்டார்.

கியரில் கை வைத்துக்கொண்டு, உங்கள் பக்கம் திரும்பாமல், கண்ணகி கேட்கிறார்:

"இன்னா?"