இன்ஷிராஹின் நடைபாதை மேசைகள்

அலெக்சாந்திரியாவில் இன்ஷிராஹ் நடத்தும் மொச்சைக் கடைக்குள் மூன்று மேசைதான் கொள்ளும். மற்றதெல்லாம் நடைபாதையில். எண்ணெய் விலை ஏறியது, காஸ் விலை ஏறியது, மொச்சையும் நானும் வருகிறேன் என்று கிளம்பியது. வெளியே மேசை இருக்கிறவரைதான் தட்டு விலையை ஏற்றாமல் அவளால் தாக்குப்பிடிக்க முடியும். ஆனால் அவற்றுக்கு அனுமதி கிடையாது. நடைபாதை வாடகை அவள் கட்டக்கூடிய தொகையா என்ன?

எதிர்க்கடையில் முடிவெட்டும் லபீப் விசில் அடித்தால் மாநகராட்சி ஆள் வருகிறார் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். அன்று காலையும் அடித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயில் ரொட்டியோடு எழுந்து, தட்டும் மேசையுமாக உள்ளே புகுந்துகொண்டார்கள். மேசைக்கால் பதிந்து தளக்கல்லில் விழுந்திருந்த பள்ளங்களில் இன்ஷிராஹ் மணலை அள்ளிப் போட்டு மூடினாள். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

கோப்போடு வந்த மாநகராட்சி ஆள் மம்தூஹ் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"ஏம்மா, வெளியில எத்தனை மேசை போடறீங்க?"

"வெளியிலயா? வல்லாஹி, ஒண்ணுகூட இல்ல சார்!"

"உள்ள எல்லாரும் நின்னுக்கிட்டே சாப்பிடறாங்களே?"

"நின்னு சாப்பிட்டா நல்லா செரிக்குமாம். டாக்டரே சொல்றாரு."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப பூஜ்யம்னு எழுதிக்கிறேன். விலைவாசி ஏறிப்போச்சுன்னு சின்னக் கடைங்களுக்கு மாநகராட்சி சலுகை குடுக்குது. இப்ப வெளியில எத்தனை மேசை இருக்கோ, அத்தனைக்கும் அனுமதி. ஒரு வருஷம் வாடகை கிடையாது, பழசுக்கு அபராதமும் கிடையாது. உங்களுக்குத்தான் மேசையே இல்லையே!"

இன்ஷிராஹ் உள்ளே அடைந்துகிடந்த மேசைகளைத் திரும்பிப் பார்த்தாள். ஆண்டவன் பேரில் சத்தியம் வேறு செய்து தொலைத்தாயிற்று. எதிரே லபீப் தலையில் அடித்துக்கொண்டார்.

"என் விசில்ல மண்ணு விழ! அக்கா, உண்மையச் சொல்லிடு!"

"சார், பொய் சொல்லிட்டேன். பழக்கதோஷம். மேசை இருக்கு சார்!"

"இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்?"

இன்ஷிராஹ் சட்டென்று தரையில் உட்கார்ந்தாள். சற்றுமுன் போட்ட மணலைக் கையாலேயே வழித்துத் தள்ளினாள். ஒவ்வொரு பள்ளமாக வெளியே வந்தது. மம்தூஹ் குனிந்து, பேனாவை நீட்டி நீட்டி எண்ணினார்.

"முப்பத்திரண்டு. நாலு காலுக்கு ஒரு மேசைன்னா எட்டு."

"ஒன்பது சார்!"

"இப்பத்தான் ஒண்ணுகூட இல்லன்னீங்க?"

"அந்தச் சுவரோரம் பாருங்க. அந்த மேசைக்கு மூணு கால்தான். நாலாவதுக்கு செங்கல்."

இப்போது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இன்ஷிராஹ் உள்ளே ஓடி ஒரு மேசையை இழுத்துவந்தாள். இருபது வருஷமாக மாநகராட்சி ஆளைக் கண்டால் மேசையை உள்ளே இழுத்தவள், அவர் கண்ணெதிரே முதல்முறையாக வெளியே போட்டாள். கண் கலங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"உட்காருங்க சார்," என்றாள். "சாப்பிட்டுட்டுதான் போகணும்."