மூன்றாவது ட்ராக்

கூடத்தில் அப்பாவின் உடலுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். சசிரேகா உள்ளறைக் கட்டிலில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, அதில் அவரைத் தேடிக்கொண்டிருந்தாள். எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்கு அவள் பதிவு செய்த பஜனைப் பாட்டில்தான் தேடல். ஆறு பேர், ஆறு மைக், ஆறு ட்ராக். மூன்றாவது அப்பா.

அந்த மூன்றாவதைத்தான் இரண்டு வருடத்துக்கு முன்பே மியூட் செய்துவிட்டிருந்தாள்.

வேறென்ன செய்வது? லோரி ஓட்டிய பழக்கமோ என்னவோ, அப்பா சின்னக்கருப்பன் பாட்டிலும் முந்துவார். மற்றவர்கள் ஒரு வரியை முடிப்பதற்குள் அவர் அடுத்த வரியில் நிற்பார். ஆறையும் சேர்த்து ஓட்டி, முதல் வரியைக் கேட்டதுமே மியூட்டை அமுக்கினாள், பாட்டு அழகாகிவிட்டது. அப்புறம் மனுஷன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போய், சலீம் சாப்பாட்டுக் கடையில் அதைப் போடச் சொல்லி, "கணீர்னு கேக்குதே, அது நான்தான்லா" என்று பீற்றிக்கொண்டதுதான் வினை.

இப்போது அம்மா உமாதேவி ஒரே பிடியாக நின்றாள். "தூக்குறப்ப அந்தப் பாட்ட போடு ரேகா. அவரு கொரல கொஞ்சம் கூட்டி வை."

இல்லாத குரலை எங்கே கூட்டுவது? அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்று சசிரேகா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பஜனைக் குழுத் தலைவர் அமிர்தலிங்கம் எட்டிப் பார்த்தார். "பாப்பா, ரெண்டு மணிக்கு எடுத்துறணும்லா. மழ வரப்போவுது."

"அஞ்சு நிமிசம் மாமா."

மியூட்டை எடுத்தாள். அப்பாவை மட்டும் கேட்டுப் பார்க்க சோலோவை அமுக்கினாள். ஹெட்போனில் அவர் தொண்டையைச் செருமினார். அதற்கு மேல் கேட்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசரமாகப் பாட்டைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். சோலோவை எடுக்க மறந்துபோனாள். அது இருக்கும்வரை மற்ற ஐந்து பேரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வாசல் கூடாரத்து ஸ்பீக்கரில் மிருதங்கமும் இல்லை, ஆர்மோனியமும் இல்லை. ஒரு செருமல். பிறகு அப்பா, "இந்த அமிர்தலிங்கம் இழுத்துக்கிட்டே கெடப்பான்லா" என்றார்.

அமிர்தலிங்கம் கையில் மாலையோடு நின்றுவிட்டார். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

அப்பா பாடினார். துணைக்கு ஒருவருமில்லாமல், யாரோ துரத்துகிற மாதிரி பாடினார். சசிரேகா ஸ்பீக்கரை நிறுத்த ஓடினாள். அவள் கை வைப்பதற்குள் பாட்டு நடுவில் நின்றது. அப்பா மைக்குக்கு நெருங்கி வந்து ரகசியமாகப் பேசினார்.

"ரேகா, நான் பாடுறது சரியில்ல, எனக்கே தெரியுது. மூடி வெச்சிரும்மா. உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிறாத. பாவம், ஆசயா கேப்பா."

இரண்டு வருடமாக அந்தப் பேச்சு அங்கேயே இருந்திருக்கிறது. அவள்தான் முதல் வரிக்கு மேல் கேட்டதில்லை. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஸ்பீக்கரில் கை வைத்தபடியே அம்மாவைப் பார்த்து, "அப்பவே மூடிட்டேன்மா," என்றாள். "அந்தப் பாட்டுல அப்பா இல்லவே இல்ல."

"தெரியும்." அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "முப்பத்தெட்டு வருசம் கூட இருந்தவளுக்கு அந்தக் கொரலு தெரியாதா? இன்னிக்காவது கேக்கலாம்னுதான் கூட்டி வைக்கச் சொன்னேன். கைய எடு, பாடட்டும்."

அப்பா அடுத்த சரணத்துக்குத் தாவினார். தூக்கினார்கள். தேயிலைச் சரிவில் இறங்கும்போது, முன்னால் தோள் கொடுத்த அமிர்தலிங்கத்தின் கால்கள் அந்தப் பாட்டின் வேகத்துக்கே நடந்தன. பின்னால் வந்தவர்கள் ரப்பர்ச் செருப்போடு ஓடவேண்டியிருந்தது.