சூட்டில் எடுக்கும்போது

கடைசி நாற்காலியையும் அண்ணனின் வேனுக்குள் தள்ளிப் பின்கதவைச் சாத்தினாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. பிடித்ததும் ஆடியது.

லேசான ஆட்டம் இல்லை. ஸ்டீயரிங் நடுங்கியது. அடுக்கிவைத்த நாற்காலிகள் ஒன்றோடொன்று உரசிக் கடகடத்தன. கண்ணாடியில் தெரிந்த தெரு இரண்டாகத் தெரிந்தது. முப்பது எண்ணுவதற்குள் எல்லாம் அடங்கி, ஒன்றுமே நடக்காததுபோல எஞ்சின் சீராக ஓடியது.

அவள் சாவியைத் திருப்பி அணைத்தாள்.

இருபத்திரண்டு வருஷமாக வண்டி பார்க்கிறவள். சொந்தமாக ஷெட் போட்டே பதினோரு வருஷம். இந்த ஆட்டத்தைப் பற்றி அண்ணன் மூன்று தடவை சொல்லியிருந்தான். மூன்று தடவையும் அவள் வேலைச் சீட்டில் ‘குறை இல்லை’ என்று எழுதி வண்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தாள். அண்ணனை இப்போது வீட்டு முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. வந்தவர்கள் உட்கார இடமில்லை என்றுதான் வாடகை நாற்காலிக் கடைக்கு வந்திருந்தாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, மக்கர் பண்ணுதா?”

“பண்ணுது” என்றாள். “இப்பத்தான் பண்ணுது.”

அவள் சொன்ன விதத்தில் ஒரு திருப்தி இருந்தது. கடைக்காரர் விழித்தார்.

அண்ணனுக்குத் தெருவில் நிதானம் என்று பெயர். பள்ளி வேன் ஓட்டுகிறவன். பதினாறு வருஷத்தில் ஹாரன் அடித்ததை யாரும் கேட்டதில்லை. நேற்றுக் காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் மருந்துக்கடை முன்னால் நிறுத்தினான். நெஞ்சில் எரிச்சல் என்று மாத்திரை வாங்கினான். கடையில் கூட்டம், கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்து வண்டியை எடுத்தான். அணைத்தான். மறுபடி எடுத்தான், மறுபடி அணைத்தான். பிறகு இறங்கிப் பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி அங்கிருந்து இரண்டே தெரு.

இதையெல்லாம் பார்த்தவர் மருந்துக்கடைக்காரர். அண்ணியிடம் சொன்னவரும் அவர்தான். சும்மா இருந்திருக்கலாம். “வண்டி மட்டும் ஒழுங்கா எடுத்திருந்தா அவரே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரும்மா” என்று ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டார்.

இன்று காலையில் அண்ணி அதைக் கேட்டாள். அழுதுகொண்டு கேட்கவில்லை. வாசலுக்கும் முன்னறைக்கும் நடுவில் நின்று, யார் காதிலும் விழாதபடி கேட்டாள்.

“வண்டில ஒண்ணுமில்லன்னு நீதானே சொன்ன?”

“ஆமா அண்ணி.”

“அது நேத்து ஓடியிருக்குமா, ஓடியிருக்காதா? அதை மட்டும் சொல்லு.”

“பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள். வேறு எது சொன்னாலும் பொய்யாகிவிடும்.

இப்போது வண்டி தானாகவே காட்டிக்கொடுத்திருக்கிறது. சூடு ஆறிவிட்டால் மறுபடி வாயைத் திறக்காது.

“அண்ணே, உங்க மூணு சக்கர வண்டி சும்மாதானே நிக்குது?” என்றாள் கடைக்காரரிடம். “நாற்காலிய அதுல மாத்தி வீட்டுக்கு அனுப்பிடுங்க. இந்த வண்டி இங்கயே கொஞ்ச நேரம் நிக்கட்டும்.”

“துக்க வீடுன்னு சொன்னீங்க?”

“ஆமா.”

“துக்க வீட்டுக்காரங்க கால்ல வெந்நி ஊத்தின மாதிரி ஓடுவாங்க, பாத்திருக்கேன். உக்காந்து ரிப்பேர் பாக்கிறவங்கள இப்பத்தான் பாக்குறேன்.”

“நான் நின்னுக்கிட்டுதான் பாப்பேன்” என்றாள்.

அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நாற்காலிகளை இறக்கப் போனார்.

நாற்காலிகள் மாறிக்கொண்டிருக்கும்போது அவள் பின்பக்கம் போய்ச் சைலன்சர் வாயில் விரல் விட்டுப் பார்த்தாள். ஈரக் கரி. முகர்ந்தாள். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. அப்படியானால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் ஆடவில்லை. மிஞ்சிப்போய் ஆடுகிறது. பாதி வழி வந்தாயிற்று.

சூட்டில் மட்டும் மிஞ்ச வேண்டுமென்றால் மூன்று இடம்தான். சூடு காட்டும் சென்சார் பொய் சொன்னால் மிஞ்சும். ஆனால் அது பொய் சொன்னால் சொல்லிக்கொண்டே இருக்கும், அரை நிமிஷத்தில் திருந்தாது. பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் சொட்டினாலும் மிஞ்சும். அப்படிச் சொட்டினால் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும், வண்டி சுற்றிச் சுற்றித்தான் பிடிக்கும். இது முதல் சுற்றிலேயே பிடித்தது. மீதி ஒன்றுதான். டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடுகிற குட்டி வால்வு. ஓடும்போது மட்டும், அளவாகத் திறக்க வேண்டியது. அது மூடாமல் போனால், சூட்டோடு நிறுத்திய வண்டியில் ஆவி எல்லாம் எஞ்சினுக்குப் போகிற குழாயில் வந்து சேர்ந்து நிற்கும். எடுத்ததும் ஒரே மூச்சில் விழுங்கி எஞ்சின் திணறும். விழுங்கி முடித்ததும் சரியாகிவிடும்.

ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியில் இது தெரியாது. எந்தக் காலையிலும் தெரியாது.

அண்ணன் வண்டியை எப்போதும் சாயங்காலம் கொண்டுவந்து ஷெட் ஓரத்தில் விடுவான். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போவான். தங்கச்சி கடை என்று வரிசையில் முன்னால் போய் நிற்கக் கூடாதாம். அவள் காலையில் எடுத்துப் பார்ப்பாள். பூப்போல ஓடும். சூடேறும் வரை விட்டும் பார்ப்பாள். அப்போதும் பூதான். அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் சும்மா நிறுத்தி மறுபடி எடுத்துப் பார்த்ததில்லை. வரிசையில் ஆறு வண்டி நிற்கும்போது எந்த மெக்கானிக் ஒரு வண்டியைச் சும்மா நிறுத்துவான்?

வேறு யாராவது வந்து ஆடுது என்றால் எப்போ, எங்கே, எவ்வளவு நேரம் என்று குடைந்திருப்பாள். அண்ணனிடம் கேட்கவில்லை. “உனக்குக் கொசு உக்காந்தாலே வண்டி ஆடுறாப்ல இருக்கும்ணே” என்று சொன்னாள். அவனும் சிரித்தான். இத்தனைக்கும் அவன் ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னான். ‘பிள்ளைங்கள இறக்கிவிட்டுட்டு, திரும்ப எடுக்கும்போது ஆடுது.’ அதற்குமேல் ஒரு மெக்கானிக்குக் கேட்க ஒன்றுமில்லை. முழு நோயும் அதிலேயே இருந்தது.

செல்போன் அடித்தது. அண்ணியின் தம்பி.

“என்னக்கா, நாற்காலி வாங்கப் போனீங்களா, செய்யப் போனீங்களா? பெரியவங்க எல்லாம் நிக்கிறாங்க.”

“நாற்காலி வேற வண்டில வருது. எறக்கிக்கோ.”

“நீங்க?”

“அரை மணி நேரம்.”

“இந்த நேரத்துல என்னக்கா அப்படி வேலை?”

“உங்க அக்கா சொன்ன வேலைதான்” என்று வைத்துவிட்டாள்.

கால் மணி நேரம் ஆகியிருந்தது. பானெட்டைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. ஆவி வருகிற ரப்பர் குழாயைத் துணி சுற்றிய பிளையரால் நசுக்கி, பிளையரை அப்படியே பூட்டி விட்டாள். உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

பூ.

அணைத்தாள். பிளையரை எடுத்தாள். கடைக்காரர் கொடுத்த ஸ்டூலில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றாள். மறுபடி கால் மணி நேரம். தெருவில் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் வண்டியைப் பார்த்ததும் நின்றார்கள். உள்ளே தேடினார்கள். போய்விட்டார்கள். அவள் திரும்ப எடுத்தபோது வண்டி அடிவயிற்றிலிருந்து குலுங்கியது.

சந்தேகமில்லை. கட்டைவிரல் அளவு வால்வு. மாற்ற இருபது நிமிஷம்.

இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. ஆடும்போதே கியர் போட்டு நகர்த்திப் பார்ப்பது. அண்ணி கேட்டது அதைத்தான். அவள் அதைச் செய்யவில்லை. பதில் தெரிந்த சோதனை அது. ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து வண்டியை வீட்டுக்கு ஓட்டினாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். எல்லாம் முடிந்து ஐந்தரைக்குத் திரும்பினார்கள். சொந்தங்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அவள் நாற்காலிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினாள். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணி வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தாள். பானெட்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

“சுடுது” என்றாள்.

“ஆமா அண்ணி. வந்து பத்து நிமிஷந்தான் ஆகுது.”

“பாத்தியா?”

“பாத்துட்டேன்.”

“சொல்லு.”

சொன்னாள். வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல, கூட்டாமல் குறைக்காமல். ஆவி, வால்வு, சூடு, அரை நிமிஷம். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், “ஓடியிருக்குமா?” என்றாள்.

“ஓடியிருக்கும்.”

எதிர்வீட்டில் யாரோ துணியை உதறிக் கொடியில் போட்டார்கள்.

“ஆக்சிலரேட்டர மிதிச்சிருந்தா ஆட்டத்தோடயே போயிருக்கும். அண்ணன் மிதிக்கல. ஆடுற வண்டிய எடுக்கிற ஆள் இல்ல. அடங்கட்டும்னு பாத்திருக்கும். அணைச்சு அணைச்சு எடுத்ததுல இன்னும் மோசமாயிருக்கும்.” நிறுத்தினாள். “வண்டில குறை இருந்துச்சு. அண்ணன் சரியாத்தான் சொன்னுச்சு. நான் சூட்டுல பாக்கல. அது என் தப்பு அண்ணி.”

அண்ணி பானெட்டிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

“உன் தப்புதான்” என்றாள்.

“ம்.”

“உங்கிட்ட எத்தனை தடவ சொன்னாரு?”

“மூணு.”

“வண்டிக்கு மூணு தடவ சொல்லியிருக்காரு. நெஞ்சுக்கு எங்கிட்ட ஒரு தடவ கூடச் சொல்லல. நேத்து காலைல சட்டை பித்தானைப் போட்டுவிட்டதே நான்தான். மூஞ்சிக்கு நேரா நின்னேன். ஒரு வார்த்தை சொல்லல, அந்த மனுஷன்.” குரல் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. “என்ன வேணுமாம் உங்கண்ணனுக்கு? நான் என்ன, வரிசைலயா நிக்க வச்சிருப்பேன்?”

வீட்டுக்குள்ளிருந்து அண்ணியின் தம்பி, “அக்கா, யாராச்சும் ஏதாவது சாப்பிடுங்க” என்று கூப்பிட்டான். இருவரும் திரும்பவில்லை.

“இப்ப எங்க கொண்டு போற?” என்றாள் அண்ணி.

“ஷெட்டுக்கு. வால்வ மாத்திடுறேன். காலைல பிள்ளைங்களுக்கு வேற டிரைவர் வரணும்ல.”

“இப்ப எடுத்தா ஆடுமா?”

கடிகாரத்தைப் பார்த்தாள். வந்து நிறுத்திக் கால் மணி நேரம் தாண்டியிருந்தது.

“ஆடும்.”

அண்ணி வண்டியைச் சுற்றிப் போய் முன்கதவைத் திறந்து ஏறினாள். அவள் அந்த இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வேலை நாளில் அது பள்ளிப் பையன்களின் இடம், லீவு நாளில் வண்டி வெளியே போகாது. புடவையை இழுத்து மடக்கிக்கொண்டாள். கதவை அறைந்து சாத்தினாள்.

இவள் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

பிடித்தது. ஆடியது. கண்ணாடிகள் அதிர்ந்தன, பின்னால் காலி இருக்கைகள் கிடுகிடுத்தன. அண்ணி இரண்டு கையாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்தாள். இவள் கை கியரில் இருந்தது. பழக்கதோஷம், அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

“போ” என்றாள் அண்ணி.

“இதோ, அடங்கிடும்.”

“ஆடும்போதே போ.”

கியரைப் போட்டாள். மிதித்தாள். வண்டி ஒரு தடவை குதித்து, திணறி, நகர்ந்தது. இருமிக்கொண்டே வீட்டைத் தாண்டியது, எதிர்வீட்டுக் கொடியைத் தாண்டியது. தெருமுனைக்கு வரும்போது சத்தம் ஒழுங்காகிவிட்டது.

இடது பக்கம் திரும்பினால் ஷெட். வலது பக்கம் மருந்துக்கடையும், அதற்கப்பால் ஆஸ்பத்திரியும். இவள் பிரேக்கில் காலை வைத்து அண்ணியைப் பார்த்தாள்.

அண்ணி வலது பக்கத் தெருவைப் பார்த்தபடியே சீட் பெல்ட்டைத் தேடி இழுத்துக்கொண்டிருந்தாள். அது எங்கே மாட்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இவள் குனிந்து கொக்கியைக் காட்டினாள்.